கேபிளோடு போன இலக்கம்

உங்களில் இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். கூரையில் தொலைக்காட்சி அன்டெனா பூட்டுகிற மற்ற ஏரியல்காரர் எல்லாரும் வாடிக்கையாளருக்காகத் தாங்களே கொம்பனிக்குப் போன் எடுத்துக் கேபிள் இணைப்பை நிறுத்திக் கொடுக்கிறார்கள், நாங்கள் மட்டும் ஏன் செய்வதில்லை, அதனால் வேலை கைவிட்டுப் போகிறதே என்று. போகிறது, உண்மைதான். அந்த விதியைப் போட்டவன் நான். கேட்டபோதெல்லாம் "அது அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தேன். ஆட்களுக்கு முன்னால் கதைப்பது எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. இப்போது முழங்கால் இரண்டும் போய் வீட்டில் இருக்கிறேன். எழுதினால் சொல்லி முடிக்கலாம் போல இருக்கிறது.

ஏணியை எப்படிச் சாத்துவது, கம்பியை எப்படி இழுப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பத்தாம் வகுப்பில் ஆங்கிலம் தவறிப்போய் அதோடு நின்றவன். நான் சொல்லப்போவது கூரையில் நடந்த பிழை இல்லை. ஒரு வீட்டின் சோபாவில் இருந்துகொண்டு நான் செய்த பிழை.

2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் லண்டனில் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு வேலை குறைந்துகொண்டு வந்தது. விமான நிலையத்தில் ஷிப்ட் வெட்டினார்கள். கடைகளில் ஆள் குறைத்தார்கள். மாதாமாதம் வங்கியில் இருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த கேபிள் கட்டணம் அப்போதுதான் பலருடைய கண்ணில் பட்டது. கூரையில் ஒரு ஏரியல், தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. அதன்பிறகு மாதக் கட்டணம் கிடையாது. எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வேலை வந்தது.

எங்கள் முதலாளியை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஜெர்மனியில் பதினைந்து வருஷம் இருந்து இந்தத் தொழிலைப் பழகிக்கொண்டு வந்தவர். தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒருமுறை ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டில் படம் கலங்குகிறதென்று நான் சிக்னலைக் கூட்டும் கருவி ஒன்றை வைத்துவிட்டு, இன்னும் கலங்குகிறதே என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அண்ணை வந்து யன்னலைத் திறந்து வெளியே காட்டினார். குன்றின்மேல் ஒளிபரப்புக் கோபுரம் ஏதோ அடுத்த வீட்டு வளவுக்குள் நிற்பது போல நின்றது.

"காதுக்குள்ள நிண்டு கத்துறவனுக்கு ஏனடா லவுட்ஸ்பீக்கர் பூட்டுறாய்?" என்றார்.

அந்தக் கருவியைக் கழற்றினேன். படம் வந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆள்.

ஆனால் வேலை பிடிப்பதற்கு அவர் வைத்திருந்த வழி வேறு. எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேர் கேபிள் கொம்பனிக்குப் போன் எடுக்கப் பயந்தார்கள். எடுத்தாலும் அங்கே இருக்கிறவர்கள் விட மாட்டார்கள். ஏன் போகிறீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம், மூன்று மாதம் இலவசம் என்று இழுத்து இழுத்து, கடைசியில் நிறுத்தப் போனவர் இன்னொரு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வருவார். எங்களுக்கு வேலை போய்விடும். அதனால் அண்ணை தமிழ்க் கடைகளில் ஒட்டிய துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்: கேபிளை நிறுத்துவதும் நாங்களே.

எப்படி நிறுத்துவது? ஏரியலைப் பூட்டிவிட்டு, அந்த வீட்டுப் போனில் இருந்தே எடுத்து, கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் நான் என்று சொல்ல வேண்டும். பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் வீட்டுக்காரர் எழுதித் தருவார். பிறகு ஒரே வசனம். அதை அண்ணை எனக்கு எழுதித் தந்து பாடமாக்க வைத்தார்.

"ஐ வோன்ட் டு கான்சல் எவ்ரிதிங்."

"ரீவியை மட்டும் எண்டு சொல்லிப்போடாதை" என்றார். "ரீவி எண்டு சொன்னியோ, எந்தப் பக்கேஜ், என்ன பிரச்சினை, ஏன் எண்டு அவள் துவங்கிடுவாள். உன்ர இங்கிலிசுக்கு நீ அதில தாண்டு போவாய். எவ்ரிதிங் எண்டு சொன்னா அவளுக்கும் கேக்கிறதுக்கு ஒண்டுமில்லை. அதுக்குப் பிறகு என்ன கேட்டாலும் யெஸ். ஏதும் தாறன் எண்டால் நோ தாங் யூ. விளங்கிச்சோ?"

விளங்கியது. எனக்கு அது பெரிய நிம்மதியாகவும் இருந்தது. போனில் ஆங்கிலம் கதைக்கும்போது என் கை வேர்த்துவிடும். ஒரே வசனத்தில் முடிகிற வேலை எனக்கு ஏற்ற வேலை. நாற்பது ஐம்பது வீடுகளில் அப்படிச் செய்திருப்பேன். நாற்பது ஐம்பது ஆட்களாக இருந்திருக்கிறேன்.

மார்ச் மாதக் கடைசியில் ஹவுன்ஸ்லோவில் ஒரு அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. கணவர் இறந்து இரண்டு வருஷம். பிள்ளைகள் இல்லை. வாசலில் நின்று மணி அடித்தேன், திறக்கவில்லை. அந்த வீட்டுப் போன் இலக்கத்துக்கு எடுத்தேன். ஆள் இல்லாதபோது பதில் சொல்லும் கருவி எடுத்தது. வழக்கமாக அதில் ஆங்கிலத்தில் ஏதாவது இருக்கும். இதில் ஒரு பெண் தமிழில் சொன்னார்:

"கண்ணன், அக்கா கதைக்கிறன். வேலைக்குப் போட்டன். பின்னேரம் நிப்பன். திருப்பி எடு அப்பன். இந்த நம்பர்தான், மாத்தேல்லை."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அவர் வேலை உடுப்போடு பஸ் நிறுத்தத்தில் இருந்து ஓடி வந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி, பஸ் சுணங்கிப்போச்சு. மெசேஜைக் கேட்டீங்களோ? ஆர் எடுத்தாலும் அதைத்தான் கேக்க வேணும். போன கிழமை காஸ்காரன் எடுத்து, ஆர் கண்ணன் எண்டு கேட்டவன்" என்று சிரித்தார்.

கண்ணன் அவருடைய கடைசித் தம்பி. யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னியில் மனைவியோடு இருந்தான். ஜனவரியில் ஒரு நாள் எடுத்து, இடம்பெயரப் போகிறோம், எங்கே என்று தெரியாது, போன் கிடைக்கிற இடத்தில் இருந்து எடுக்கிறேன் என்று சொன்னானாம். அதற்குப் பிறகு இல்லை. அவனிடம் கைத்தொலைபேசி இல்லை. இலக்கங்கள் எழுதி வைத்த கொப்பி ஒன்றும் மிஞ்சியிருக்காது. பதினோரு வருஷமாக மாறாத அந்த வீட்டுப் போன் இலக்கம் ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடம். அதற்காகவே இந்த அக்கா வாடகை கூடிய பிறகும் வீடு மாறாமல் இருந்தார். அந்த மாதங்களில் லண்டனில் பல வீடுகளில் இப்படி ஒரு போனைச் சுற்றித்தான் ஆட்கள் இருந்தார்கள். உங்களில் சிலர் அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னார். நான் கேட்டேன். இதை நீங்கள் மறக்கக் கூடாது. எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை.

ஏரியலைப் பூட்டினேன். படம் நன்றாக வந்தது. பிறகு கடிதங்களைக் கொண்டுவந்து தந்தார். கணக்கு கணவர் சிவபாலனின் பெயரிலேயே இருந்தது. இறந்த பிறகு பெயர் மாற்றவில்லை. மாற்றுவதற்கும் போன் எடுத்து ஆங்கிலத்தில் கதைக்க வேண்டுமே.

"ரீவி மட்டும்தானே தம்பி நிக்கும்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா. ரீவி மட்டும்தான்."

சுவரில் இருந்த கேபிள் கொம்பனியின் பெட்டியில் இருந்து இரண்டு கம்பிகள் வெளியே வந்தன. ஒன்று தொலைக்காட்சிக்கு. மற்றது சுவரோரமாகப் போய்ப் போனுக்கு. ஏரியல் கம்பியை இழுக்கும்போது அதைக் கையால் தூக்கி ஒதுக்கி விட்டதும் நான்தான். கண் கண்டது. தலைக்குள் ஏறவில்லை.

சோபாவில் இருந்துகொண்டு கொம்பனிக்குப் போன் எடுத்தேன். "யெஸ், ஐ ஆம் மிஸ்டர் சிவபாலன்" என்றேன். அக்கா பக்கத்தில் நின்று கணவரின் பிறந்த தேதியை விரலால் காட்டிக்கொண்டிருந்தார். என் வசனத்தைச் சொன்னேன். கொம்பனியில் போனை எடுத்த பெண் நீளமாக ஏதோ கேட்டாள். அதில் "போன்" இருந்தது, "நம்பர்" இருந்தது, "ஷுவர்" இருந்தது. நிறுத்திக் கேட்டிருக்கலாம். திருப்பிச் சொல்லுங்கள் என்றிருக்கலாம். அந்த வசனம்கூட எனக்குத் தெரியும். ஆனால் திருப்பிக் கேட்டால் என் ஆங்கிலம் அவளுக்குப் பிடிபட்டுவிடும், மிஸ்டர் சிவபாலன் வேஷமும் கலைந்துவிடும் என்று பயம்.

"யெஸ்" என்றேன். "எவ்ரிதிங்."

வைத்துவிட்டு, "முடிஞ்சுது அக்கா, ஒரு மாதத்தில நிக்கும்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னார்.

பத்து நாள் கழித்து அவர் எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, இவரின்ர பேரில கேபிள்காரர் ஒரு கடிதம் போட்டிருக்கிறாங்கள். ரெண்டு பக்கம். உங்களுக்கு வாசிச்சுக் காட்டட்டோ? எழுத்துக்கூட்டி வாசிப்பன்."

நான் அப்போது வேறொரு வீட்டில் அவசரத்தில் நின்றேன். நிறுத்தினால் அப்படி ஒரு கடிதம் எல்லாருக்கும் வரும். அதில் என்னென்ன, எந்த நாளில் நிற்கும் என்று வரிசையாகப் போட்டிருக்கும். நான் அதுவரை ஒன்றையும் வாசித்ததில்லை.

"அது வழமையா வாறது அக்கா. போகாதேங்கோ எண்டு கெஞ்சி எழுதியிருப்பாங்கள். எறிஞ்சு விடுங்கோ."

"அப்ப சரி" என்றார்.

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. வெஸ்ட் ஈலிங்கில் ஏணியில் பாதியில் நிற்கிறேன். அக்கா தன் கைத்தொலைபேசியில் இருந்து எடுத்தார். குரல் மாறியிருந்தது.

"தம்பி, வீட்டுப் போன் செத்துப்போச்சு. நேற்றில இருந்து. சத்தமே இல்லை. என்ர கைபோனில இருந்து எடுத்துப் பாத்தன், ஒரு வெள்ளைக்காரி ஏதோ சொல்லுறாள். ஒருக்கா வந்து பாக்கிறீங்களோ? வயர் ஏதும் கழண்டிருக்குமோ?"

வீட்டுப் போனும் அதே கேபிள் கொம்பனியுடையது என்று ஏணியில் நின்றபடியே எனக்கு விளங்கியது. அந்த இரண்டாவது கம்பி, அந்த நீளமான கேள்வி, அந்தக் கடிதம். வேலையைப் பாதியில் விட்டு இறங்கினேன்.

அண்ணைக்குச் சொன்னேன்.

"கொம்பனியின்ர பிழை எண்டு சொல்லு" என்றார். "நாங்கள் ஏரியல்காரர். போனைப் பற்றி எங்களுக்கென்ன தெரியும்? வேற ஆளின்ர பேரைச் சொல்லிக் கதைச்சனாங்கள் எண்டு வெளியில வந்துதோ, உனக்கும் பொலிஸ், எனக்கும் பொலிஸ். உனக்குப் பிள்ளையள் இருக்கு. எனக்கும் இருக்கு. போய் எடுத்துக் கேள். குடுத்தால் வாங்கு. மற்றதுக்கு வாயைத் திறக்காதை."

மத்தியானம் ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அக்கா வேலைக்குப் போகவில்லை. செத்த போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய கைத்தொலைபேசியில் இருந்து கொம்பனிக்கு எடுத்தேன். மறுபடியும் மிஸ்டர் சிவபாலன். இந்த முறை ஒரு ஆண். பொறுமையான மனிதர், மெதுவாகத்தான் கதைத்தார். அதனால் முழுவதும் விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் எனக்குச் சாட்டுச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

நீங்களே எடுத்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னீர்கள், குரல் பதிவு இருக்கிறது. நிறுத்தின இலக்கத்தைத் திருப்பித் தர முடியாது. புது லைன் தரலாம், இலக்கம் புதிதாகத்தான் இருக்கும். பழைய இலக்கம் வேண்டுமென்றால் பிழை எங்கள் பக்கம் இருந்திருக்க வேண்டும். அல்லது கணக்குக்காரர் அல்லாத வேறு யாரோ எடுத்து நிறுத்தியிருக்க வேண்டும் என்றார்.

பிறகு அவர் நேரடியாகக் கேட்டார். அன்றைக்கு அந்தப் போன் எடுத்தது நீங்கள்தானா, ஐயா?

தம்பிமாரே, நீங்கள் இந்தத் தொழிலில் எத்தனையோ தரம் நெருக்கடியில் நிற்பீர்கள். ஏணி சறுக்கும், ஓடு உடையும், வீட்டுக்காரர் கத்துவார். அதெல்லாம் உடம்புக்கு வருகிற நெருக்கடி. உடம்பு தானாக ஏதாவது செய்துவிடும். இது அப்படி இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசி என்பது போல அந்த மனிதர் காத்திருந்தார். "நோ" என்று ஒரு சொல். இல்லை, அன்றைக்கு எடுத்தது சிவபாலன் இல்லை, அவர் இறந்துவிட்டார், பொய் சொன்னவன் நான். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் பிள்ளைகளை நினைத்தேன், பொலிஸை நினைத்தேன். அதைவிட முக்கியமாக, இந்த அக்காவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது.

"யெஸ்" என்றேன்.

வைத்தவுடன் அக்கா கேட்டார்: "என்னவாம்?"

"அவங்கட பிழையாம் அக்கா. பாக்கிறம் எண்டு சொல்லுறாங்கள். ரெண்டு மூண்டு நாள் செல்லுமாம்."

"அதுக்குள்ள அவன் எடுத்தால்?"

"இவ்வளவு நாளும் எடுக்கேல்லைத்தானே அக்கா. ரெண்டு நாளில எங்க எடுக்கப் போறார்."

என் வாயில் இருந்து வந்த வார்த்தை அது. அவர் அதை நம்பினார், அல்லது நம்ப விரும்பினார்.

சனி, ஞாயிறு, திங்கள். அக்கா ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் எடுத்தார். நான் ஒவ்வொரு முறையும் "அவங்கள் பாக்கிறாங்கள்" என்றேன். கொம்பனியில் யாரும் எதையும் பார்க்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். திங்கள் மாலை அவர் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "தம்பி, எனக்காக நீங்கள் எவ்வளவு மினக்கெடுறீங்கள்" என்றார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நான் நல்லவனாகி உண்மையைச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நன்றியைக் கேட்க ஏலாமல்தான் சொன்னேன்.

செவ்வாய் காலை அவருடைய வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே கொம்பனிக்கு எடுத்தேன். "ஐ ஆம் நொட் மிஸ்டர் சிவபாலன்" என்று தொடங்கினேன். என் வாழ்க்கையில் நான் ஆங்கிலத்தில் கதைத்த மிக நீளமான கதை அது. இலக்கணம் எல்லாம் பிழை. ஆனால் விளங்கிவிட்டது. மூன்று பேரிடம் மாற்றினார்கள். கடைசியில் ஒரு மேலாளர், மனைவி பக்கத்தில் இருந்தால் அவரோடு கதைக்க வேண்டும், இறப்புச் சான்றிதழும் வேண்டும் என்றார்.

அதனால் உள்ளே போக வேண்டி வந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, கொம்பனி ஒண்டும் செய்யேல்லை. போனையும் சேத்து நிப்பாட்டினது நான்தான். எவ்ரிதிங் எண்டு சொன்னன். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தபடி நின்றார். கையை நீட்டிப் போனை வாங்கி, "ஹலோ" என்றார். அந்த மனிதர் ஏதோ சொன்னார். அக்கா போனை என்னிடம் நீட்டினார். நான் கேட்டு, தமிழில் சொன்னேன்:

"உங்கட இழப்புக்குத் தான் வருத்தப்படுறாராம் அக்கா."

அவர் என் சட்டைக் கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன இழப்பு? ஆருக்கு என்ன? என்னெண்டு அவனுக்குத் தெரியும்?"

"அவருக்கு அக்கா, உங்கட அவருக்கு. சிவபாலன் அண்ணைக்கு."

"ஓ" என்று கையை விட்டார். "அவருக்கோ."

சான்றிதழின் இலக்கத்தை வாசித்தோம். கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். அந்த இலக்கம் இன்னும் வேறு யாருக்கும் போகவில்லையாம். இரண்டு நாளில் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். சொன்னபடியே வியாழக்கிழமை போனில் சத்தம் வந்தது. போனோடு சேர்த்துக் கேபிளும் அவருடைய சொந்தப் பெயரில் மறுபடி வந்தது. பொலிஸ் வரவில்லை. கொம்பனியில் இருந்து எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை. நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை.

அண்ணைதான் நெருப்பெடுத்தார். "இவ்வளவு காலமும் ஊமை மாதிரி இருந்த உனக்கு இப்பத்தானோ வாய் முளைச்சது? அதுவும் இங்கிலிசில?" என்று கேட்டார். துண்டுப் பிரசுரத்தில் அந்த வரியை அவர் எடுக்கவில்லை. போன் எடுக்கும் வேலையை மட்டும் என்னிடம் இருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார். அவர் வியாபாரத்தை விட்டு, அது என் கைக்கு வந்த பிறகுதான் நான் அந்த விதியைப் போட்டேன். வீட்டுக்காரர்தான் போன் எடுக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாவிட்டால் பக்கத்தில் இருந்து மொழிபெயர்க்கலாம், அவராக நடிக்கக் கூடாது. கேபிள் பெட்டியில் இருந்து வருகிற ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று பார்த்து வீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும். கடிதம் வந்தால் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். இதனால் வேலை போனால் போகட்டும்.

ஜூலையில் ஒரு நாள் அக்கா கூப்பிட்டார். "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றார். ஏரியலில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கருவிப் பெட்டியோடு போனேன்.

அவர் இருக்கச் சொன்னார். தேத்தண்ணி போட்டு வைத்திருந்தார்.

"கண்ணன்ர மனிசி எடுத்தவள்" என்றார். "முகாமில இருந்து. முந்தநாள்."

எனக்கு மகிழ்ச்சி வந்தது. ஒரு கணம்தான்.

"ரெண்டு பேரும் ஏப்ரலிலேயே ஆமியின்ர அகதி முகாமுக்கு வந்திட்டினமாம். ஆரோ ஒரு ஆளிட்ட ஒளிச்சு வைச்சிருந்த போன் இருந்ததாம். அதில கண்ணன் இந்த வீட்டுக்கு எடுத்தவனாம். சனிக்கிழமை எடுக்க, ஒரு வெள்ளைக்காரி ஏதோ சொன்னாளாம். இவனுக்கு விளங்கேல்லை. திங்கக்கிழமை திரும்ப எடுத்தவனாம். அதே வெள்ளைக்காரி. அக்கா வீடு மாறிட்டா போல எண்டு மனிசிக்குச் சொன்னவனாம். எண்டாலும் நம்பரை அவளுக்கும் பாடமாக்கினவனாம். அடுத்த நாள் காலமை விசாரிக்க வேணுமெண்டு ஆமிக்காரர் ஆம்பிளையளைப் பஸ்ஸில ஏத்தினவங்களாம். அதுக்குப் பிறகு அவனைக் காணேல்லையாம்."

அவர் வேலைக்குப் போயிருந்தாலும்கூட, இணைப்பு இருந்திருந்தால் அந்தக் கருவி பேசியிருக்கும். கண்ணன், அக்கா கதைக்கிறன் என்று அவன் கேட்டிருப்பான்.

"ரெண்டு நாளில நம்பரைத் திருப்பிக் குடுத்தவங்கள்தானே?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

"நீங்கள் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா எண்டைக்கு வந்திருக்கும்?"

சனி ஞாயிறில் அவர்கள் வேலை செய்ய மாட்டார்கள், எப்படியும் பிந்தியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கொம்பனியில் ஏழு நாளும் ஆட்கள் வேலை செய்வது எனக்குத் தெரியும்.

"ஞாயிற்றுக்கிழமை அக்கா."

அவர் விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். ஞாயிறு. திங்கள். இரண்டாவது விரலோடு நிறுத்திவிட்டார். வந்ததில் இருந்து அவர் என்னை ஒருமுறையும் தம்பி என்று கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தேத்தண்ணி ஆறுது" என்றார். "குடிச்சிட்டு, கூரையில நிக்கிற அந்தச் சாமானைக் கழட்டிக்கொண்டு போங்கோ."

குடித்தேன். ஏறிக் கழற்றினேன். நாலு ஆணி, பத்து நிமிஷ வேலை. கம்பி நுழைந்த ஓட்டையைச் சீமெந்து வைத்து அடைத்தேன். போகும்போது கதவு சாத்தியிருந்தது, தட்டவில்லை.

அடுத்த நாள் அண்ணை வேனுக்குள் அந்த ஏரியலைக் கண்டார். "நாலு மாதம்கூடப் பாவிக்காத சாமான், இதை வீணாக்குறதே?" என்று வெஸ்ட் ஈலிங்கில் ஒரு வீட்டின் விலாசத்தைத் தந்து, அங்கே பூட்டச் சொன்னார். ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. கொண்டுபோய்ப் பூட்டினேன். படம் நன்றாகத்தான் வந்தது.